'இன்டரஸ்ட்' என்றால் வட்டி மட்டுந்தானா?

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் தம் மச்சானுடன் சேர்ந்து பல வருடங்கள் மளிகைக் கடை நடத்தி வந்தார். வயோதிகத்தின் காரணமாக ஊர் திரும்ப எண்ணிய சமயம் அவர் முன் ஓர் இங்கிலீஷ் பத்திரம் வைக்கப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர். கடையிலுள்ள தம் 'இன்டரஸ்ட்' முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கக் கண்டார். “வட்டிதானே! ஹராமான காசு நமக்கெதற்கு?” என்று பிஸ்மி சொல்லிக் கையொப்பமிட்டார். அவர் விட்டது வட்டியை அன்று. சரக்கு, பற்று வரவுப் பாக்கி, கடைப் பெயர் உட்படத் தமக்கிருந்த பங்கு அத்தனையையும்! பிறகு ஜமாஅத்தார் உட்கார்ந்து பேசி ஒரு பகுதியை வாங்கிக் கொடுத்தார்கள்.

நம்மில் பலரும் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, இங்கிலீஷைப் பில்லிலும் லேபிளிலும் கற்றவர்களே. பேங்க் கடிதத்தில் முதலில் கண்ட அர்த்தமே மனதில் நின்றுவிடுகிறது.

இச்சொல்லுக்கு மூலம் லத்தீன் பாஷை. 'இடையில் இருத்தல்', 'ஒரு காரியத்தில் சம்பந்தப்பட்டிருத்தல்' என்பது அதன் கருத்து. அக்கறை, ஆர்வம், பங்கு, பாத்தியம் யாவும் அதிலிருந்து கிளைத்தவை. வட்டி அதில் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. மத்திய கால ஐரோப்பாவில் கிறிஸ்தவ சபையும் வட்டியைத் தடுத்தே வைத்திருந்தது. ஆயினும், கடன் தவணையில் திரும்பாமல் கொடுத்தவனுக்கு நஷ்டம் உண்டானால், அதற்கு ஈடு கேட்கலாம் என்றனர் அக்காலச் சட்ட நிபுணர்கள். அந்த ஈட்டுக்கு வைத்த பெயரே இது. நாளடைவில் வட்டி அப்பெயரைப் போர்த்திக்கொண்டு கடைவீதிக்கு வந்துவிட்டது.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தமக்கு இவ்விஷயத்தில் 'இன்டரஸ்ட்' இருக்கிறது என்று சொன்னால், வட்டி வாங்குகிறார் என்று அர்த்தமாகாது. கந்தூரிக்கு அரிசி தம் கடையிலிருந்து வாங்கப்படுகிறது, ஆகவே தாம் ஓட்டுப் போடவில்லை என்கிறார். (இப்படி எழுந்து சொல்பவர்கள் இன்னும் அதிகமானால் நல்லது.) நெருப்பு இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் வருவதும் வட்டியல்ல, அப்பொருள் அழிந்தால் நஷ்டப்படக்கூடிய சம்பந்தம் நமக்கு உண்டா என்பதே அங்கு கேள்வி.

மலேசியாவின் 1961-ஆம் வருடத்துப் பங்காளி வியாபாரச் சட்டத்தை நாம் அனைவரும் கவனிக்க வேண்டும். பங்காளிகளின் உரிமைகளைச் சொல்லும் ஒரே பிரிவில் இச்சொல் இரண்டு வேஷத்தில் வருகிறது. தொடக்கத்தில், கூட்டுச் சொத்தில் பங்காளிக்குள்ள பாத்தியம். சில வரிகள் தாண்டினால், அசல் வட்டி! முதலுக்கு மேல் ஒரு பங்காளி கடைக்குக் கைப்பணம் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதற்கு வட்டி உண்டு என்கிறது அது. 'வேறு ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற நிபந்தனைதான் நமக்கு முக்கியம். நாம் சும்மா இருந்தால் சட்டம் நமக்காக வட்டி எழுதிவிடும். வியாபாரம் ஹலால், ரிபா ஹராம் என்பதை அல்பகரா அத்தியாயம் 275-ஆம் ஆயத்தில் ஓதியிருக்கும் நாம், கைப்பணத்துக்கு வட்டி இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

எதிரிடையாக, சொல் இல்லாமலே வட்டி இருப்பதும் உண்டு. தவணையில் வாகனம் வாங்குவதற்கான 1967-ஆம் வருடத்துச் சட்டம் அதிகப்படித் தொகைக்கு 'டெர்ம்ஸ் சார்ஜஸ்' என்று பெயரிட்டது. பத்திரம் முழுவதும் தேடி, 'இன்டரஸ்ட்' காணோம் என்று நிம்மதியாக லாரி எடுத்தவர்களை நாம் அறிவோம்.

ரெம்பியாவில் கடை வைத்திருக்கும் நமக்கு இங்கிலீஷைவிட மலாய் சரளம். அப்பாஷை இந்த ஒரு சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறது. வட்டிக்கு 'புங்கா', அதாவது பூ! பேங்கில் 'ஃபாயிடா' என்பார்கள்; நாம் ஓதிய அரபியின் ஃபாயிதாதான், பிரயோஜனம் என்று பொருள். பாத்தியத்துக்கு 'கெப்பெந்திங்கான்'. ஆர்வத்துக்கு 'மினாட்'. பத்திரம் கைக்கு வந்தால், அச்சொல்லின் மேல் விரலை வைத்து, இது புங்காவா, கெப்பெந்திங்கானா என்று குமாஸ்தாவிடம் கேளுங்கள். பதிலைத் தமிழில் ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகு பேனாவைத் திறக்கலாம்.