அப்பாவின் எக்ஸ்ரே ரிப்போர்ட்

"எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்கு டாக்டர் வார்த்தை எல்லாம் எதுக்குடா?" என்று இதை எழுத உட்கார்ந்தபோதே பக்கத்து பெஞ்ச் நண்பன் கேலி செய்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆகவே இங்கிலீஷில் வருகிற எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில் போய், போன வருஷம் அப்பாவின் எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்தது.

அப்பாவுக்கு முதுகு வளையாது. டாக்டர் தரையில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, முழங்காலை மடக்காமல் எடுக்கச் சொன்னார். முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதுகெலும்பு ஓரத்தில், என் இடது கைப் பக்கமாக, ஏதோ கிளி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "இடது பக்கம்தாம்மா" என்றேன். அம்மா இரண்டு வாரம் இடது பக்கமே தைலம் தேய்த்தார். ரிப்போர்ட்டிலோ வலது என்று இருந்தது!

தப்பு என்னுடையதுதான். டிராயிங் வகுப்பில் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு கோடுகூடப் போட மாட்டோம் இல்லையா? உடம்புக்கும் அப்படி ஒரு நிலை உண்டு. ஆள் நேராக நிற்கிறார், முகம் முன்னே, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கை முன்னே பார்க்கிறது. படுத்திருந்தாலும் குப்புற விழுந்திருந்தாலும் இந்த நிலையை வைத்துத்தான் பேச வேண்டும். இடது வலது எல்லாம் நோயாளியுடையது. அவர் எதிரே நிற்பதாக நினைத்துப் பிலிமைப் பார்க்கிறோம். அதனால் அவர் வலது, நமக்கு இடது. பிலிம் ஓரத்தில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். மேலே சுப்பீரியர், கீழே இன்ஃபீரியர் (இதில் உசத்தி, மட்டம் ஒன்றும் கிடையாது). உடம்பின் நடுக்கோட்டை ஒட்டியது மீடியல், விலகியது லேட்டரல். உள்ளங்கை முன்னே பார்ப்பதால் பெருவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். கையை எப்படித் திருப்பினாலும் பெயர் மாறாது. கை கால்களில் மட்டும் இன்னொரு ஜோடி: உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே பிராக்ஸிமல், தூரமானால் டிஸ்டல். முழங்கையை விட மணிக்கட்டு டிஸ்டல்.

அடுத்தது வார்த்தைகள். ரயில் பெட்டி மாதிரி கழற்றிப் பார்த்தால் பயம் போய்விடும். 'ஆஸ்டியோ' என்றால் எலும்பு. 'ஃபைட்' என்றால் முளை, செடி. ஆஸ்டியோஃபைட் – எலும்பு முளை; நான் பார்த்த கிளி மூக்கு அதுதான். 'ஸ்க்ளிரோசிஸ்' – இறுகிப்போதல். ஆகவே ஆஸ்டியோஸ்க்ளிரோசிஸ், எலும்பு இறுகி அடர்த்தியாவது. 'இன்டர்' – இடையே. இன்டர்ஆஸியஸ் மெம்பிரேன் என்பது முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள சவ்வு. அப்பாவுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தை: ஃப்ளூரோசிஸ். நம் தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு இதைக் கழற்றிக் காட்ட வேண்டியதில்லை. பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதனால் எலும்பு கெடுவதை அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டு 1937-லேயே எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். அதற்குள் அப்பா பாதி வாழ்நாள் போர் தண்ணியைக் குடித்துவிட்டார். என் முன்பல்லிலும் பழுப்புக் கோடு இருக்கிறது.

ராத்திரி ரிப்போர்ட்டை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ மூட்டை தூக்குனதால இல்லையா கண்ணு? தண்ணிதானா?" என்றார்.

"ஆமாப்பா, தண்ணிதான்."

அம்மா எழுந்து போய், பின்னால் இருந்த போர் தண்ணிக் குடத்தைச் சமையல் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார்.