வெந்தயமும் கொலஸ்திரோலும்

"கிளினிக் மருந்தை விட்டுவிட்டு வெந்தயத் தண்ணீர் குடித்தால் போதாதா?" கண்டிப் பகுதியில் இடம்பெயர்ந்து தங்கியிருக்கும் குடும்பங்களிடையே இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் வீட்டோடு போய்விட்டவருக்குக் கைக்கு எட்டுவது வெந்தயம்தான். ஆகவே வெந்தயம் உடலினுள்ளே என்ன செய்கின்றது என்று முதலில் பார்ப்போம்.

கொலஸ்திரோல் நஞ்சல்ல. நமது உடற்கலங்களின் மென்சவ்வுக்கு அது தேவை. உணவில் வருவதைவிட உடலே அதிகம் உண்டாக்குகின்றது; அதில் ஈரலுக்குப் பெரும் பங்குண்டு. ஈரல் கொலஸ்திரோலின் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகின்றது. கொழுப்பு சமிபாடடைந்த பின்னர், அப்பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 வீதம் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்புகின்றது. வயலில் வடிந்த நீரை மறுபடியும் வாய்க்காலில் விடுவது போன்ற வேலை இது.

வெந்தயத்தை ஊறவைத்தால் வழுவழுப்பாகின்றதல்லவா? அது நீரில் கரையும் ஒருவகை நார்ப்பொருள். குடலிலே அது பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றது. திரும்பி வரும் பித்தம் குறைந்தால் ஈரல் புதிதாகச் செய்யவேண்டும். அதற்கான கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. 'கெட்ட கொலஸ்திரோல்' எனப்படும் எல்.டி.எல். இவ்வாறே குறைகின்றது. இந்த நார் விதையிலேயே இருப்பதால், தண்ணீரை மட்டும் குடித்து விதையை வீசுவதில் பயன் குறைவு.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஐதராபாத் தேசிய போஷாக்கு நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவு நோயாளருக்கு 10 நாட்கள் வெந்தய மா கலந்த ரொட்டி கொடுக்கப்பட்டது. எல்.டி.எல். குறைந்தது உண்மை. ஆனால் அளவைக் கவனியுங்கள்: எண்ணெய் நீக்கிய மா நாளொன்றுக்கு 100 கிராம்! நாம் போடும் தேக்கரண்டியில் நாலு கிராம் இருந்தால் அதிகம்.

கிளினிக்கில் தரும் ஸ்டாட்டின் குளிசை வேறு வழியில் வேலை செய்கின்றது. ஈரலில் கொலஸ்திரோல் உண்டாவதையே அது தடுக்கின்றது. இவ்வகை மருந்தின் முதற்பொருளை 1970களில் ஜப்பானிய அறிஞர் அகிரா என்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார். எனவே 'இங்கிலீசு மருந்து, நாட்டு மருந்து' என்ற சண்டை இங்கே பொருந்தாது. ஒரு தேக்கரண்டி வெந்தயம் அக்குளிசையின் இடத்தை நிரப்பாது என்பதே விஷயம். ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவர் குளிசையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

வெந்தயத்தை உணவாகத் தாராளமாகச் சேர்க்கலாம். குளிசைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டே அதிகமாக எடுக்கவேண்டும். கர்ப்பிணித் தாய்மார் மருந்தளவில் எடுக்கக் கூடாது.

கடையில் காசு கொடுத்து வாங்கும் வெந்தயத்தில் மட்டுமா இந்த நார் உண்டு? கௌபி, போஞ்சி, வெண்டிக்காய் ஆகியவற்றிலும் உண்டு. தங்கியிருக்கும் இடத்தில் நாலு முழம் நிலம் கிடைத்தாலும் போஞ்சிக் கொடி ஏற்றலாம். ஆனால் அதையே கட்டித் தேங்காய்ப்பாலில் சமைத்தால், ஒரு கையால் இறக்கியதை மறு கையால் ஏற்றுவதாகும். தேங்காய்க் கொழுப்பு எல்.டி.எல்.ஐ உயர்த்தும்.

கொப்பி தொலைந்தவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், நடந்ததைச் சொல்லிப் புதுக் கொப்பி கேளுங்கள். அங்கே மருந்து இலவசம். பழைய குளிசை அட்டை, வெறும் அட்டையானாலும், இருந்தால் கொண்டுபோங்கள். மருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்கும்.