கரைப்பான்களை வடிகட்டுவதில் பாதுகாப்பு

இந்திய மருந்துத் தொழிலின் வளர்ச்சி நீண்ட முயற்சியின் பயனாகும். 1954-இல் பிம்ப்ரியில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1961-இல் தோன்றிய இந்தியன் டிரக்ஸ் அண்டு பார்மசூட்டிகல்ஸ் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் அதற்கு அடித்தளமிட்டன. மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை அளித்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஐதராபாத்தைச் சுற்றியுள்ள ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டான்செரு ஆகிய இடங்களிலும், குஜராத்தில் வாப்பி, அங்கலேஷ்வர் முதலிய இடங்களிலும் மூல மருந்துகளைச் செய்யும் சிறிய, நடுத்தர ஆலைகள் பெருகின.

இவ்வாலைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு பணி வடிகட்டல். அது எளியதாகத் தோன்றுவதாலேயே அதன் அபாயம் கவனத்திற்கு வருவதில்லை. அசிட்டோன், மெத்தனால், டொலுவீன், ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களிலேயே மருந்துகள் பெரும்பாலும் படிகமாக்கப்படுகின்றன. படிகங்களைக் கரைப்பானிலிருந்து பிரிக்க வெற்றிடம் பயன்படுகிறது. இப்பணியைப் பாதுகாப்பாகச் செய்வது எவ்வாறு, அதற்கான செலவு யாரைச் சார்வது என்னும் இரு வினாக்களும் ஆராயத்தக்கவை.

வெற்றிடம் செய்யும் வேலை

ஆய்வுக்கூடத்தில் புக்னர் புனலும் தடித்த சுவருடைய குடுவையும் செய்யும் வேலையை ஆலையில் 'நட்ச்' எனப்படும் வடிகட்டி செய்கிறது. அதன் நடுவே துளையிட்ட தட்டும், தட்டின்மேல் வடிதுணியும் இருக்கும். மேலே படிகக் குழம்பை ஊற்றிக் கீழே காற்றை உறிஞ்சினால், கரைப்பான் துணியின் வழியே இறங்கிக் கீழுள்ள கலத்தில் சேரும். ஈரமான படிவு துணியின்மேல் தங்கும். அதன்மேல் புதிய கரைப்பானை ஊற்றிக் கழுவி, மீண்டும் உறிஞ்சி, பின்னர் படிவை அள்ளி உலர்த்தும் கலத்திற்குக் கொண்டு செல்வர். சிறிய ஆலைகளில் இவ்வாறு அள்ளுபவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளரே.

வெற்றிடத்தால் கரைப்பான் மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது. அழுத்தம் குறையக் குறையத் திரவம் கொதிக்கும் வெப்பநிலையும் தாழ்கிறது. இயல்பான அழுத்தமான 760 பாதரச மில்லிமீட்டரில் அசிட்டோன் 56 பாகை செல்சியசில் கொதிக்கும். 25 பாகையில் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். தக்காணத்துக் கோடையின் 40 பாகையிலோ 400 மில்லிமீட்டருக்கும் மேல். கலத்தின் அழுத்தத்தைப் பாதியளவுக்குக் குறைத்தாலே கோடையில் அசிட்டோன் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பது இதன் பொருள். அவ்வாறு எழும் ஆவி பம்பை நோக்கிச் செல்கிறது. வடிகட்டியில் தொடங்கிய அபாயம் பம்பிலும், பம்பின் வெளிப்போக்குக் குழாயிலும் தொடர்கிறது. எனவே தேவைக்கு மிஞ்சிய வெற்றிடம் விரைவைத் தருவதில்லை. கரைப்பான் இழப்பையும் ஆபத்தையுமே பெருக்குகிறது.

தீ உண்டாகும் வழிகள்

தீ உண்டாக எரிபொருள், ஆக்சிஜன், பொறி ஆகிய மூன்றும் வேண்டும். வெற்றிட வடிகட்டலில் இம்மூன்றும் ஓரிடத்தில் கூடும் வாய்ப்பு மிகுதி.

முதலாவது எரிபொருள். அசிட்டோனின் தீப்பற்றுநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை. டொலுவீனுக்கு 4 பாகை. மெத்தனாலுக்கு 11 பாகை. நம் நாட்டின் வெப்பத்தில் ஆலைக்கூடத்தில் திறந்திருக்கும் எந்த வாளியின் மேலும் எரியத்தக்க ஆவி எப்போதும் இருக்கும். டொலுவீன் ஆவி காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள பொறியையும் சென்றடையும்.

இரண்டாவது ஆக்சிஜன். குழம்பு வடியும்வரை படிவு ஒரு மூடிபோல் அமைந்து காற்றைத் தடுக்கும். படிவில் விரிசல் கண்டவுடன் அதன் வழியே காற்று பாய்ந்து கீழ்க் கலத்தின் ஆவியோடு கலக்கிறது. "இன்னும் சற்று உலரட்டும்" என்று பம்பைத் தொடர்ந்து இயக்கும் வழக்கம் இக்காரணத்தால் தீங்கானது. ஹைட்ரஜனேற்றத்துக்குப் பின் பல்லேடியம் கலந்த கரியையோ ரேனி நிக்கலையோ வடிகட்டும்போது இது மேலும் கொடியது. இவ்வினையூக்கிகள் உலர்ந்து காற்றுப் பட்டால் வெளிப்பொறி எதுவுமின்றித் தாமே கனன்று, சுற்றியுள்ள கரைப்பானைப் பற்றவைக்கும். அவற்றை ஒருபோதும் உலரும்வரை உறிஞ்சலாகாது. நைட்ரஜன் சூழலில் வடிகட்டி, நீரில் நனைத்தே வைத்தல் வேண்டும்.

மூன்றாவது பொறி. டொலுவீன், ஹெக்சேன் போன்றவை மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவன. அவை வடிதுணியின் வழியே பாயும்போது நிலைமின்சாரம் தோன்றி எளிதில் கலையாது தங்குகிறது. பிளாஸ்டிக் வாளி, பாலிதீன் பை, ரப்பர் அடியுள்ள சாதாரணக் காலணி ஆகியன இதற்குத் துணை நிற்கின்றன. கரைப்பான் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும். உலர்ந்த நாளில் மனித உடலில் சேரும் மின்னூட்டம் இதைப்போல் பன்மடங்கு. விளக்குச் சுவிட்சும், சாதாரண மோட்டாரும், சூடேறிய பம்பும் எஞ்சிய பொறிகளாம்.

பாதுகாப்பான முறை

இவ்வபாயங்களைத் தவிர்க்கும் வழிகள் தெளிவானவை.

1. திறந்த வடிகட்டியை விலக்கி மூடிய வடிகட்டியைக் கொள்ளுதல் வேண்டும். எளிதில் ஆவியாகும் கரைப்பானாயின், கீழே உறிஞ்சுவதை விட மேலிருந்து நைட்ரஜன் அழுத்தத்தால் தள்ளி வடிகட்டுவதே சிறந்தது.

2. தொடங்குமுன் கலங்களில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை 8 விழுக்காட்டுக்குக் கீழ் கொணர்தல் வேண்டும். பணி முடிந்து வெற்றிடத்தை நீக்கும்போதும் காற்றுக்குப் பதில் நைட்ரஜனையே உள்ளே விட வேண்டும்.

3. வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே குளிர்நீரில் இயங்கும் கண்டென்சரும், துளிகளைப் பிடிக்கும் கலமும் அமைய வேண்டும்.

4. எண்ணெயில் இயங்கும் பம்பில் ஆவி எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுத்துச் சூட்டை உண்டாக்கும். நீர்வளையப் பம்பு இவ்வகையில் மேலானது. ஆனால் அதிலிருந்து வெளிவரும் நீர் கரைப்பான் கலந்தது ஆதலின் சாக்கடையில் விடத்தக்கதன்று.

5. பம்பின் வெளிப்போக்கு அறைக்குள் முடியாமல், தீச்சுடர்த் தடுப்பானோடு கூரைக்கு மேலே திறக்க வேண்டும்.

6. வடிகட்டி, கலம், குழாய், வாளி, கரண்டி அனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுப் புவியோடு இணைக்கப்பட வேண்டும். இணைப்பின் தடை 10 ஓமுக்கு மிகாதிருப்பதை முறையாக அளந்து பதிவு செய்ய வேண்டும். தொழிலாளருக்கு மின்னூட்டம் தங்காத காலணி வழங்கப்பட வேண்டும்.

7. மின்சாதனங்கள் அபாயப் பகுதிக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். இப்பகுதிகளை வகுக்கும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 5572 கூறுகிறது. காற்றோட்ட உறிஞ்சிகள் தரைமட்டத்தில் அமைய வேண்டும்.

தீயைத் தடுக்கும் நைட்ரஜன் மனிதனுக்குக் காவலன்று என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயல்பான காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது 10 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால், மூச்சுத் திணறலை உணருமுன்னரே ஒருவர் நினைவிழக்கக்கூடும். படிவை அள்ளுவதற்காக வடிகட்டிக்குள் தலையை நீட்டுபவர் இவ்வாறு உயிரிழக்க நேரிடும். அவரைக் காப்பாற்றக் குனிபவரும் தப்புவதில்லை. ஆகவே காற்றைச் செலுத்தி, ஆக்சிஜனை அளந்து, எழுத்து வழி அனுமதி பெற்ற பின்னரே கலத்தைத் திறந்து அணுக வேண்டும். கலத்துக்குள் ஆள் குனியத் தேவையின்றிப் படிவைத் தானே வெளித்தள்ளும் கலக்கியுடைய வடிகட்டி இதனினும் நல்லது.

செலவும் பொறுப்பும்

இவ்வேற்பாடுகள் சிறிய ஆலைகளால் தாங்க இயலாதவை என்று கூறப்படுவதுண்டு. இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. புவி இணைப்புக்கும், உலோக வாளிக்கும், உரிய காலணிக்கும் ஆகும் செலவு சிறிது. கண்டென்சர் பிடித்துத் தரும் கரைப்பான் மீண்டும் பயன்படுவதால், அதன் விலை நாளடைவில் திரும்பி வருகிறது. நைட்ரஜன் அமைப்பும் மூடிய வடிகட்டியும் மட்டுமே பெருமுதலைக் கோருவன. ஒரு தொழிற்பேட்டையின் ஆலைகள் கூட்டாக நைட்ரஜன் உற்பத்தி நிலையம் அமைத்துக்கொள்வதால் இச்சுமையையும் குறைக்கலாம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பாதுகாப்பின் செலவு உடைமையாளரின் கணக்கில் ஏறுகிறது. விபத்தின் செலவில் பெரும்பகுதியோ தொழிலாளியின் குடும்பத்தின் மீதும், மருத்துவமனையின் மீதும், அண்டை மக்களின் மீதும் விழுகிறது. இரு கணக்குகளும் ஒரே ஏட்டில் எழுதப்படாதவரை, சிக்கனம் என்ற பெயரில் ஆபத்தே வாங்கப்படும்.

இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே சட்டத்தின் நோக்கம். எரியும் ஆவி தொடர்பான முன்னெச்சரிக்கைகளை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது. 1984-இல் நிகழ்ந்த போபால் பேரிடருக்குப் பின், 1987-இல் அபாயகரமான செய்முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. தில்லியில் ஓலியம் கசிந்த வழக்கில், அபாயத் தொழிலை நடத்துவோர் அதன் தீங்குக்கு முழுப் பொறுப்பாளர் என 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை 2020-இல் நாடாளுமன்றம் ஒரே தொகுப்பாக்கியது.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது. 2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் அச்சுதாபுரத்தில் ஒரு மருந்தாலையில் கரைப்பான் கசிந்து, அதன் ஆவி தீப்பற்றியதில் 17 பேர் உயிரிழந்தனர். வடிகட்டியில் நேர்ந்த விபத்தன்று அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆவி தான் எழுந்த இடத்திலேயே நிற்பதில்லை என்னும் பாடம் வடிகட்டிக்கும் பொருந்தும்.

பயிற்சியின் தேவை

மருந்தாலைகளில் பணிபுரிவோருள் பலர் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வருவோர். கலத்தின் மேல் ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. படிக்க இயலாத எச்சரிக்கை இருந்தும் இல்லாததே. செய்முறைக் குறிப்புகள் தொழிலாளரின் தாய்மொழியில் அமைவதும், ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணம் அவர்களுக்கு விளக்கப்படுவதும் இன்றியமையாதன. புவி இணைப்புக் கம்பியை ஏன் மாட்ட வேண்டும் என்று அறிந்த தொழிலாளி, மேற்பார்வையாளர் அருகில் இல்லாத இரவுப் பணியிலும் அதை மாட்டுவார்.

பிறர் நோய் தீர்க்கும் மருந்தைச் செய்பவரின் உயிர் அம்மருந்தின் விலையில் கழிக்கப்படும் பொருளாகலாகாது. ஒரு கம்பி, ஓர் அளவி, வழுவாத ஒழுங்குமுறை ஆகிய எளிய சாதனங்களே அவ்வுயிருக்குக் காவல். அவற்றை உற்பத்திச் செலவின் முதல் இனமாகக் கணக்கிடும் ஆலையே உண்மையில் வளர்ந்த ஆலை எனலாம்.