பச்சைப்பிள்ளையைத் துணியால் சுற்றுவது எப்படி? தீவகத்துப் புதுப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மடியில் அயர்ந்து தூங்கும் பிள்ளையை மெல்லப் பாயில் கிடத்துகிறோம். முதுகு பாயைத் தொட்டதுமே இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு வீரிட்டு அழுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரவிலேயே அநேகமாக எல்லா வீட்டிலும் இது நடக்கும். இதற்குத் துணி சுற்றுவது நல்ல கைமருந்து. ஆனால் நம் வெக்கைக்கு ஏற்றபடி, இடுப்பையும் மூச்சையும் காக்கும்படி சுற்றவேண்டும். வாருங்கள், ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஏன் சுற்றுகிறோம்?

அந்தத் திடுக்கிடல் நோயல்ல. பிறந்த பிள்ளைகளுக்கு இயல்பாகவே உள்ள அனிச்சைச் செயல் அது. தன் கை வீச்சிலேயே பிள்ளை விழித்துக்கொள்ளும். கைகளை இதமாக அணைத்து வைத்தால் திடுக்கிடல் குறையும், தூக்கமும் நீளும்.

எல்லா அழுகைக்கும் இது மருந்தல்ல. பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோவது பசியின் முதல் அறிகுறி. நாளெல்லாம் சுற்றி வைத்தால் அது நம் கண்ணில் படாது. பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் வேண்டும். ஆகவே பால் கொடுக்கும்போது துணியைக் கழற்றிவிடுவோம், தூக்கத்துக்கு மட்டும் சுற்றுவோம்.

என்ன துணி, எவ்வளவு செலவு?

அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கும் பழைய வாயில் சேலைதான் முதல்தரமான துணி. பலமுறை தோய்த்து மெதுவாகியிருக்கும், காற்றும் புகும். சேலையின் அகலம் ஒரு மீற்றருக்குச் சற்று மேல். அதே அளவு நீளத்துக்கு வெட்டினால் சதுரம் வந்துவிடும். ஐந்தரை மீற்றர்ச் சேலையில் நாலு துண்டு எடுக்கலாம். செலவு, ஓரம் அடிக்கும் தையல்கூலி மட்டுமே. பழைய பருத்தி வேட்டியும் நல்லது, சரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஓரம் அடிக்காமல் விடவே வேண்டாம். பிரிந்த நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்தோட்டம் நின்றுபோகும்.

புதிதாக வாங்குவதென்றால் யாழ்ப்பாண ரவுண் புடவைக்கடைகளில் மெல்லிய பருத்தித் துணியை மீற்றர் கணக்கில் வாங்கலாம். சிப் வைத்துத் தைத்த ஆயத்த உறைக்கு அதைவிடப் பல மடங்கு காசு போகும், சில மாதங்களில் அது சிறிதாகியும் விடும். பாரம் வைத்துத் தைத்த உறைகளை இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

துவைப்பதில் தீவகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, துணியும் காய்ந்ததும் விறைத்துப்போகும். துவைப்பதைக் கிணற்றுத் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துவைப்போம்.

எப்படிச் சுற்றுவது?

துணியை வைரவடிவில் விரித்து, மேல் முனையை ஏறக்குறைய ஒரு சாண் உள்ளே மடியுங்கள். மடிப்புக்கோட்டில் தோள் வரும்படி பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள். கழுத்தும் தலையும் துணிக்கு வெளியே இருக்கவேண்டும்.

பிள்ளையின் வலக்கையை உடலோடு சேர்த்து, முழங்கை சற்று மடிந்தபடி வையுங்கள். அந்தப் பக்க முனையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடக்கைக்குக் கீழால் முதுகுப்புறம் செருகுங்கள்.

அடுத்தது கால், எல்லாவற்றிலும் முக்கியமான இடம். கீழ்முனையைத் தளர்வாக மேலே மடித்து விடுங்கள். முழங்கால் மடிந்து, தவளைக்கால் போல இரு பக்கமும் விரிய இடம் வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகலாம். ஜப்பானில் 1975ஆம் ஆண்டு, பச்சைப்பிள்ளையின் காலை நீட்டிக் கட்டவேண்டாமென்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். அதன் பிறகு அங்கே இடுப்பு விலகல் பல மடங்கு குறைந்தது. கால் வளையாமல் வளரக் கட்டவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த பிள்ளையின் கால் வளைந்திருப்பதுதான் இயல்பு.

இனி மீதி முனையை இடக்கைக்கு மேலால் கொண்டுவந்து முதுகுக்குக் கீழே செருகினால் வேலை முடிந்தது. நெஞ்சுக்கும் துணிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போகவேண்டும். போகாவிட்டால் இறுக்கம், கழற்றிச் சுற்றுங்கள். முகத்துக்கு எட்டும் அளவுக்குத் தொளதொளத்தாலும் கழற்றவேண்டும்.

வெக்கையும் வாடையும்

சுற்றுவது எப்போதும் ஒரே மடிப்புத்தான். உள்ளே நாப்பியும் மெல்லிய சட்டையும் போதும், தூங்கும்போது தொப்பி வேண்டாம். சித்திரை வைகாசி வெக்கையில் பகலில் சுற்றவே வேண்டாம். மார்கழி வாடைக்கும் துணியோடு மெல்லிய முழுக்கைச் சட்டை போதும், கம்பளி தேவையில்லை.

பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்தாலோ சுட்டாலோ உடனே கழற்றுங்கள். இரவில் கரண்ட் போய் ஃபான் நின்றால் இதை மறக்கவேண்டாம்.

அவதானம்

சுற்றிய பிள்ளை மல்லாக்க மட்டுமே தூங்கவேண்டும். குப்புறக் கிடந்தால் கையை ஊன்றி முகத்தைத் திருப்ப முடியாது, மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகும். பாயோ மெத்தையோ சமமாக, அழுத்தமாக இருக்கட்டும். பக்கத்தில் அணைகொடுக்கும் தலையணையும் வேண்டாம். நுளம்புக்குக் குடைவலை போதும்.

சுற்றிய பிள்ளையை ஏணையில் போடவேண்டாம். ஏணை வளைவில் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகில் பிள்ளையைச் சுற்றிக்கட்டாமல் நெஞ்சோடு அணைத்திருங்கள். சோளகக் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும், முகத்தைத் துவாயால் மூடவேண்டாம்.

உடல் சுட்டு வெப்பமானி 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், துணியைக் கழற்றிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பச்சைப்பிள்ளைக் காய்ச்சலில் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கடல் கடந்து யாழ்ப்பாணம் அனுப்பவேண்டி வந்தால் அதற்கும் நேரம் வேண்டும்.

குறைமாதப் பிள்ளை, நிறை குறைந்த பிள்ளை, இடுப்பில் சந்தேகம் சொல்லப்பட்ட பிள்ளை என்றால் முதலில் வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் சுற்றுவோம். நாம் மிட்வைஃப் என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர் முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வருவார். அவர் முன்னாலேயே ஒருமுறை சுற்றிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இதற்குக் காசில்லை.

எப்போது நிறுத்துவது?

பிள்ளை புரள முயன்ற அன்றே நிறுத்தவேண்டும். பலருக்கு இது மூன்று நாலு மாதத்தில் வரும், சிலருக்கு இன்னும் முந்தும். ஆகவே இரண்டாம் மாத முடிவிலேயே பழக்கத் தொடங்கலாம். முதலில் ஒரு கையை வெளியே விட்டுச் சுற்றுங்கள். சில இரவுகள் கழித்து இரண்டு கையையும் வெளியே விடுங்கள், பிறகு துணியே வேண்டியிராது. பழக்குவதற்கு இடையிலேயே பிள்ளை புரண்டுவிட்டால் மிச்சப் படிகளை விட்டுவிட்டு அன்றைக்கே துணியை எடுத்துவைத்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவு அழுகை கூடும். தூக்கி அணைத்துப் பால் கொடுங்கள், மறுபடி சுற்றவேண்டாம்.