வழக்குக்குப் பணம் போட வருகிறவர்

அன்புத் தம்பி,

ஹட்டனில் பெயர்ப்பலகை மாட்டிய முதல் வருடத்திலேயே உனக்குச் சிக்கலான கேள்வி வந்திருக்கிறது. கடனில் மூழ்கும் ஒரு தோட்டக் கம்பனி. ஓய்வுபெற்றும் பணிக்கொடை கிடைக்காத தொழிலாளர்கள். வழக்குச் செலவை நான் போடுகிறேன், வென்றால் பங்கு கொடுங்கள் என்று வந்து நிற்கிறார் ஒருவர். வாங்கலாமா என்று கேட்கிறாய். எந்தப் பணத்துக்கான வழக்கு என்று பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய் என்பதுதான் என் பதில்.

முதலில் தொழிலாளிக்கு ஏற்கெனவே சொந்தமான பணம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் கம்பனியிடமிருந்து 12 வீதமும் போக வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேரும். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும், பிந்தினால் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. இதை வாங்கித் தர முதலீட்டாளர் தேவையில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கத் தொழிலாளிக்குச் செலவில்லை. ஆணையாளரின் சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அந்தத் தொகை தண்டப்பணம்போல அறவிடப்படும்.

கணக்கைப் போட்டுப் பார். 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 30 வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்குப் பணிக்கொடை 5,67,000 ரூபா. பணம் போட்டவர் 30 வீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,70,100 ரூபா அவருக்குப் போய்விடும். சட்டம் செலவில்லாமல் திறந்து வைத்த கதவுக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

சான்றிதழ் வந்தும் பணம் வராத இடங்கள் உண்டே என்பாய். உண்மைதான். அரச பெருந்தோட்டங்களிலேயே சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக்கணக்காக நிலுவையில் கிடந்தது ஊரறிந்த கதை. ஆனால் கம்பனியிடம் காசில்லாதபோது வெளியாள் பணம் போட்டாலும் அங்கே காசு முளைக்காது. அவருடைய பங்கு மட்டும் முந்திக்கொள்ளும்.

இரண்டாவது வகைப் பணம் வேறு. கம்பனியை மூடிக் கணக்குத் தீர்க்க நீதிமன்றம் கலைப்பாளரை நியமித்தபின் அவர் கையில் என்ன இருக்கும்? 1992க்குப் பிறகு பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் வந்தது நீண்டகாலக் குத்தகைதான். நிலம் அரசுடையது. பெட்டியும் காலி. மிஞ்சுவது பெரும்பாலும் வழக்குத் தொடரும் உரிமைதான்: நலிந்த காலத்தில் சொத்தை வேண்டியவர்களுக்கு மாற்றியவர்கள்மேல், கடன் கட்ட வழியில்லை என்று தெரிந்தும் தொழிலை இழுத்துக்கொண்டுபோன இயக்குநர்கள்மேல். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 219ஆம் பிரிவைத் திரும்பத் திரும்பப் படி. அப்படித் தொழிலை இழுத்ததால் கடன் கொடுத்தவர்களுக்கு வந்த நட்டத்துக்கு இயக்குநரையே அந்தப் பிரிவின்கீழ் பொறுப்பாக்க முடியும். இப்படியான வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் நடக்கும். கணக்காய்வு நிபுணர் வேண்டும், மூத்த சட்டத்தரணி வேண்டும். கலைப்பாளரால் தாங்க முடியாத செலவு அது. வெளியாளின் பணத்துக்கு நியாயமான இடம் இதுதான். அது இல்லாவிட்டால் தவறு செய்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

மற்ற நாடுகளும் தயங்கித் தயங்கித்தான் இங்கே வந்தன. பிறர் வழக்குக்குப் பணம் போட்டுப் பங்கு கேட்பதை இங்கிலாந்து 1967 வரை குற்றமாக வைத்திருந்தது. ஆனால் கலைப்பாளர் கம்பனியின் வழக்குரிமையை விற்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே விட்டுக்கொடுத்தது. அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1996இல் ஓயாசிஸ் மெர்ச்சண்டைசிங் வழக்கில், கலைப்பாளருக்கென்றே சட்டம் தந்த உரிமையின் பலனை விற்று, வழக்கின் பிடியையும் பணம் போட்டவரிடம் கொடுப்பது செல்லாது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2015ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த எல்லையைத் தளர்த்தியது. நம்மைப்போல ரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், நேஷனல் பொட்டேட்டோ கூட்டுறவு வழக்கில் 2004இல் இத்தகைய ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமல்ல என்று தீர்ப்பாயிற்று. வழக்கறிஞர் அல்லாதவர் பணம் போடத் தடையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் உன் பொறுப்பு.

நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கு. சமரசம் செய்யும் அதிகாரம் கலைப்பாளரிடம் இருக்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைப் பணம் போட்டவர் ஏற்க வேண்டும். நடுவழியில் விலகினால் அதுவரையான செலவு அவருடையது. அவருடைய பங்குக்கு உச்சவரம்பு வேண்டும், தொழிலாளருக்குச் சேர வேண்டிய முன்னுரிமைக் கடனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ரூபாக் கணக்கில் காட்ட வேண்டும். பணம் போடுபவர் எதிர்த்தரப்புக்கு வேண்டியவரா என்றும் விசாரி. நீ மட்டும் அவரிடம் எந்தப் பங்கும் வாங்காதே.

பிறர் கடனைத் தீர்ப்பதுபோல வந்து ஆளையே பிடித்துக்கொள்வது மலையகத்துக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவன் கடன் எழுதிய துண்டுக்கு அடுத்த தோட்டம் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டியதும் கடன் அவனோடு கூடவே போய்ச் சேரும். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலையை இந்த வரிசையில் செய். செக்ரோல் எனும் தோட்ட வேலைப்பதிவின் பிரதி, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் திரட்டி இந்த வாரமே தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதி. கலைப்பு ஆணை வந்துவிட்டால் நீதிமன்ற அனுமதியில்லாமல் கம்பனிமேல் வழக்கு நகராது. ஆகவே தாமதிக்காதே. கலைப்பாளர் வந்ததும் ஒவ்வொருவர் கோரிக்கையையும் அவரிடம் எழுதிக் கொடு. அதற்குப் பிறகு பணம் போட வந்தவரைக் கலைப்பாளரிடமே அனுப்பு. தொழிலாளியிடம் அவர் கையெழுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லை.

அன்புடன்,
உன் மூத்த சட்டத்தரணி