கடன் வருமுன் பணம் கேட்டால்: கொல்லிமலை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மிளகு காய்ந்து மூட்டையாகச் சோளக்காடு சந்தைக்கு இறங்கும்போது கையில் கொஞ்சம் காசு புரளும். ஆனி பிறப்பதற்குள் அது கரைந்துவிடும். கல்லூரிக் கட்டணம், கூரை ஓடு மாற்றுவது, நாமக்கல் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து, “சார், உங்க பேர்ல மூணு லட்சம் லோன் அப்ரூவ் ஆயிருக்கு” என்று ஒரு போன் வரும். பேசுகிறவனுக்கு கொல்லிமலையும் தெரியாது, மிளகும் தெரியாது. ஆயிரம் பேருக்குப் போன் போட்டால் பத்துப் பேராவது அவசரத்தில் இருப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்க நேர்ந்தால் என்ன செய்வது?

1. கடன் கைக்கு வருமுன் ‘முன்பணம் கட்டு’ என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வங்கிகளும் கட்டணம் வாங்குகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் அதைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். 50,000 ரூபாய் கடனுக்கு 2 சதவீதம் பரிசீலனைக் கட்டணம் என்றால் 1,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 180 ரூபாய். உங்கள் கணக்கில் 48,820 வந்து சேரும். எனவே போனில் பேசுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “கட்டணத்தைப் பிடிச்சுக்கிட்டு மீதியை அனுப்புங்களேன்?” உண்மையான ஆளாக இருந்தால் அதில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஏமாற்றுகிறவர் உடனே, “சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லை சார்” என்பார். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

விலக்கும் உண்டு. வீட்டுக் கடனுக்கும் அடமானக் கடனுக்கும் விண்ணப்பக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீடு என்று சில நிறுவனங்கள் முன்கூட்டியே வாங்குவது வழக்கம். ஆனால் அங்கே நீங்களாகக் கிளைக்குப் போய் விண்ணப்பித்திருப்பீர்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது கைக்கு வரும்.

2. முதல் தவணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த மோசடியில் குடும்பங்களைச் சாய்ப்பது முதலில் கட்டிய ஆயிரம், இரண்டாயிரம் இல்லை, அதற்குப் பிறகு கட்டுவதுதான். முதல் நாள் ‘பைல் சார்ஜ்’. மறுநாள் ‘இன்சூரன்ஸ்’, “இது ரீஃபண்ட் ஆயிடும் மேடம்” என்ற உறுதிமொழியோடு. அடுத்து ஜிஎஸ்டி. அதையும் கட்டி முடித்ததும், “நீங்க கொடுத்த அக்கவுண்ட் நம்பர்ல ஒரு நம்பர் தப்பு, பணம் ஹோல்டுல இருக்கு, ரிலீஸ் பண்ண இவ்வளவு” என்று ஒரு குரல். சில சமயம் ரிசர்வ் வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வேறொருவரே பேசுவார். கட்டியவர் மனம் என்ன கணக்குப் போடும்? இவ்வளவு கட்டிவிட்டோம், இன்னும் இதை மட்டும் கட்டினால் மூன்று லட்சம் வந்துவிடுமே என்றுதான். இதற்காகக் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டுவதும் நடக்கிறது. கடன் கேட்டுப் போய் இன்னொரு கடனில் மாட்டும் கொடுமை இது. போனது போகட்டும் என்று விடுவதற்கு முதல் நாள்தான் மிக மலிவான நாள்.

3. வாட்ஸ்அப்பில் வரும் ‘அனுமதிக் கடித’த்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலே சிங்கமுகச் சின்னம், ஓரத்தில் பிரதமர் படம், கீழே நீல நிற வட்ட முத்திரை, கிறுக்கலாய் ஒரு கையெழுத்து. உங்கள் பெயரும் ஆதார் எண்ணும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவற்றைக் கொடுத்ததே நீங்கள்தான். முத்ரா திட்டத்தின் பெயரில் இப்படி ஒரு கடிதம் நாடு முழுக்கச் சுற்றியது: 10 லட்சம் ரூபாய் கடன், சரிபார்ப்புக்கும் பரிசீலனைக்கும் 4,500 ரூபாய் கட்டவும் என்று. அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. தொகையை மாற்றி, தேதியை மாற்றி அதே கடிதம் இன்னும் வருகிறது.

முத்ரா 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். முத்ரா நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, அதற்கு ஏஜென்டும் கிடையாது. வங்கி, நிதி நிறுவனக் கிளைகள்தான் கொடுக்கும். சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 20 லட்சம் வரை. தொழில் என்ன என்றே கேட்காமல் ‘முத்ரா லோன்’ தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

4. ஏமாந்தவரை ‘படிக்காத ஆள்’ என்று பேச வேண்டாம். 2025 ஜூலையில் நடிகர் பவர் ஸ்டார் சீனிவாசனை டெல்லி பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். ஒரு டெல்லி நிறுவனத்துக்கு 1,000 கோடி ரூபாய் கடன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி 5 கோடி முன்பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. 2021 மே மாதம் ஹரி நாடார் என்பவரை பெங்களூரு போலீசார் கைது செய்த வழக்கிலும் புகார் இதே மாதிரிதான்: 360 கோடி கடனுக்கு 7 கோடியே 20 லட்சம் கமிஷன். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் கோடிக்கு ஐந்து கோடி அரை சதவீதம். பத்து லட்சத்துக்கு 4,500 என்பதும் ஏறக்குறைய அதே அரை சதவீதம். வருவதாகச் சொல்லும் தொகைக்கு முன்னால் கேட்கும் தொகை அற்பமாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். வக்கீலும் ஆடிட்டரும் வைத்திருக்கிற நிறுவனமே கட்டியதாகப் புகார் கொடுக்கிறது என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் மறைக்க என்ன இருக்கிறது?

5. கியூஆர் கோடோ யுபிஐ எண்ணோ அனுப்பினால், பின் எண் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பெரிய நிதி நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, திரையில் எங்கோ வடக்கே இருக்கும் ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு ‘பின்’ எண் தேவையே இல்லை. பணம் தருகிறேன் என்று சொல்லி ‘பின்’ போடச் சொன்னால் பணம் போகிறது என்று அர்த்தம்.

6. போனில் மட்டுமல்ல, நேரிலும் வருவார்கள். டூவீலரில் ஏறி வந்து, ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, “பத்துப் பொம்பளைங்க சேர்ந்தா ஆளுக்கு அறுபதாயிரம், குழு லோன்” என்பார்கள். ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து, ஆளுக்கு ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ. ‘அடுத்த வியாழக்கிழமை பணம்’ என்று சொல்லிப் போகும் வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போனது போனதுதான்.

இதில் தந்திரம் எங்கே இருக்கிறதென்றால், வந்தவர் பணத்தைத் தானே வசூலிப்பதில்லை. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு அக்காவைப் பிடித்து, “நீங்கதான் குழுத் தலைவி” என்று சொல்லி அவரையே வசூலிக்க வைப்பார். ‘நம்ம அக்கா சொல்லுதே’ என்று எல்லோரும் கொடுப்பார்கள். பிறகு கேள்வி கேட்க ஊருக்குக் கிடைப்பது அந்த அக்கா மட்டும்தான். ஆகவே இரண்டு விஷயம். தெரியாத ஆளுக்காக அடுத்தவரிடம் ஒரு ரூபாய்கூட வசூலித்துக் கொடுக்காதீர்கள், தலைவி பட்டம் யாருக்கும் வேண்டாம். இரண்டாவது, நிறுவனத்தின் பெயரையும் கிளை முகவரியையும் எழுதி வாங்கி, ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ போகிற ஒருவரை அந்த முகவரியில் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 மார்ச் விதி. கடன் விவரம் எல்லாம் உங்களுக்குப் புரிகிற மொழியில் அட்டையாகத் தரவேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நிறுவனம் பதிவு பெற்றதா என்று பார்க்கவும் புகார் சொல்லவும் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ என்ற இணையதளம் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. கடன் செயலியை இறக்கும்போது அது தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் திறந்துவிடச் சொன்னால் உடனே அழித்துவிடுங்கள். பணம் கொடுக்காமலே மிரட்டுவதற்கான கருவி அது. எந்த வங்கியின் அல்லது எந்த நிதி நிறுவனத்தின் சார்பில் கடன் தருகிறார்கள் என்று செயலி சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்கள் தங்கள் கடன் செயலிகள் எவை என்று தெரிவித்த பட்டியல் 2025 ஜூலை முதல் அதன் இணையதளத்தில் கிடைக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் முக்கிய விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்கவேண்டும், 2024 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு கேட்க முடியாது.

8. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் கார்டு மூன்றையும் கூரியரில் அனுப்பச் சொல்வது இன்னொரு வகை. “லோன் அந்த அக்கவுண்ட்லதான் ஏறும்” என்பார்கள். ஏறும், ஆனால் அது வேறு எவரிடமோ திருடிய பணம். உங்கள் கணக்கு வழியாக அது வெளியேறிய பிறகு வங்கி கணக்கை முடக்கும், போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும். நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் அதே கணக்கில் வந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். சந்தையில் ‘லோன் வெரிஃபிகேஷன்’ என்று சொல்லி ரேகைக் கருவியை நீட்டுகிறவரிடம் விரலையும் கொடுக்காதீர்கள். ரேகை வைத்தே பணம் எடுக்க முடியும். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

9. ‘சிபில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம்’ என்பதும் பொய். பழைய கடனை அடைத்தால் தானாக ஏறும். உங்கள் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம்.

10. உண்மையான வாசல்கள் எவை என்று தெரிந்து வைத்திருங்கள். மலையில் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. விவசாயக் கடனுக்கு 2 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக்கூடாது, 2025 ஜனவரி முதல் இந்த வரம்பு. மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வங்கிக் கடன் 10 லட்சம் வரை அடமானமின்றிக் கிடைக்கும். பழங்குடியினருக்குத் தாட்கோ வழியாக மானியத்தோடு தொழில் கடன் உண்டு.

இவையெல்லாம் மெதுவாக நடப்பவை என்பதை மறைக்க விரும்பவில்லை. சாதிச் சான்றுக்கு ஒரு நாள், சிட்டாவுக்கு ஒரு நாள், மேலாளர் லீவு என்று இன்னொரு நாள், ஒவ்வொன்றுக்கும் செம்மேட்டுக்கு பஸ் காசு. வங்கியின் இந்த இழுத்தடிப்புதான் போன்காரனின் முதலீடு என்பது என் எண்ணம். கிளை காரணமில்லாமல் அலைக்கழித்தால் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் எழுதிக் கொடுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும் பார்க்கலாம். தேவை ஜூனில் என்றால் மனுவை மிளகு விற்கும்போதே போட்டுவிடுவது உத்தமம்.

11. பணம் போய்விட்டதா? டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போய் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். அழுது முடித்துவிட்டு மறுநாள் போடலாம் என்று இருக்க வேண்டாம். எதிராளி பணத்தை வெளியே எடுப்பதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்தி வைக்க முடியும். கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், உங்கள் வங்கிக் கணக்கு விவரம். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. போன் பேச வராதவர்கள் வாழவந்திநாடு காவல் நிலையத்துக்கு நேரே போகலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

12. புகார் கொடுத்த சில நாளில், “உங்க பணத்தை மீட்டுட்டோம், ரிலீஸ் பண்ண 2,500 கட்டுங்க” என்று சைபர் போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ போன் வரலாம். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறிக்கொண்டே இருக்கும், அதனால் வருவது அது. 1930-இல் புகார் கொடுக்கவும் சரி, முடக்கி வைத்த பணத்தைத் திரும்பப் பெறவும் சரி, போலீசுக்கு நீங்கள் போனில் பணம் அனுப்பவேண்டிய அவசியமே கிடையாது.