ஆசிரியருக்கும் ஒரு பள்ளிக்கூடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது முன்னோர் வாக்கு. மாணவியராகிய எங்களுக்கே சொல்லப்பட்டது என்று இதுவரை எண்ணியிருந்தோம். கற்பிக்கும் ஆசிரியருக்கும் அது பொருந்தும் என்பதை இவ்வாண்டுதான் உணர்ந்தோம்.

கணினிக்குத் தெரிந்தவை ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டே குறிகள் என்று வகுப்பில் படித்தோம். ஸ்மார்ட் போர்டில் வண்ணப் படம் ஓடியது. படம் அழகாக இருந்தது, பாடம் புரியவில்லை. ஆயினும் புரிந்ததுபோல் தலையாட்டினோம். தேர்வில் எங்களில் பலர் தவறாக எழுதினோம். ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் குறை” என்றார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த விடுமுறையில் அவர் நம் மாவட்டத்திலுள்ள ஆரணிக்குச் சென்றார். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் சில நாட்கள் தறியருகே அமர்ந்து வேலையைக் கவனித்தார். திரும்பி வந்தபோது துளையிட்ட பழைய அட்டைகள் சிலவற்றை எங்களுக்குக் காட்டினார்.

“சேலைக் கரையில் மயில் எப்படி வருகிறது, தெரியுமா?” என்று கேட்டு விளக்கினார். தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் இந்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். உயர்ந்தால் ஒன்று, உயராவிட்டால் பூச்சியம். இடையே ஊடை நூல் ஓட, இழை இழையாக மயில் உருவாகிறது. நாங்களும் கட்டத்தாளில் ஒரு பூ வரைந்து, அதை ஒன்றும் பூச்சியமுமாக மாற்றி எழுதினோம். பிறகு அதே படத்தை ஸ்மார்ட் போர்டில் மீண்டும் பார்த்தோம். இம்முறை நன்றாக விளங்கிற்று.

பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ல் இந்தத் தறியை அமைத்தார். அட்டையில் துளையிடும் அம்முறையை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் துளை அட்டைகள் பயன்பட்டன. ஆக, ஆரணித் தறியும் கணினியும் உறவினரே!

கல்வியும் தொழிலும் கைகோப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கோவையில் 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் இருந்த வளாகத்திலேயே 1951-ல் பொறியியல் கல்லூரி எழுந்தது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1964-ல் சென்னையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது இன்றும் தரமணியில் இயங்குகிறது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அப்போதும் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டியதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதே வழியில் அளித்தார்கள். ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் பயிற்சி பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது.

கருவி வாங்கப் பணம் போதும். அதைக் கொண்டு கற்பிக்கவோ, தொழிலைக் கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பார்த்த ஆசிரியர் வேண்டும். நம் ஆண்டவர் இயேசுவும் நாசரேத்தில் தச்சராய் உழைத்த பின்னரே போதிக்கத் தொடங்கினார். விதைப்பவரையும் வலையையும் புளித்த மாவையும் காட்டி அவர் சொன்னவை எளிய மக்களுக்கும் விளங்கின அல்லவா?

பெற்றோரே, உங்கள் தறிக்கும் வயலுக்கும் பட்டறைக்கும் எங்கள் ஆசிரியைகள் வந்தால் அன்புடன் வரவேற்று வேலையைக் காட்டுங்கள். தோழியரே, பாடம் புரியாதபோது தலையாட்டாமல் “புரியவில்லை” என்று சொல்லுவோம். நம் ஆசிரியை ஆரணிக்குப் போக நேர்ந்ததும் நாம் வாய் திறவாமல் இருந்ததால்தானே! தம் குறையை ஒப்புக்கொண்டு மீண்டும் மாணவியாக அமர்ந்த அவரிடம், கணினிப் பாடத்தைவிடப் பெரிய பாடம் ஒன்றைக் கற்றோம். இறைவன் அவருக்கு நிறைந்த அருள் புரிவாராக!